அச்சகத்துக்கு அனுப்பும் படம்: அளவு, ஒளி, நிறம், கோப்பு

புகைப்படத்தைத் திருத்தும் மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே அச்சகத்திடம் மூன்று விவரங்களைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். வெட்டி முடித்த பிறகு அச்சின் அளவு என்ன, எந்தத் தாளில் அச்சாகிறது, ஃபோட்டோ லேப், இங்க்ஜெட், டிஜிட்டல், தட்டுகளைக் கொண்டு அச்சிடும் ஆப்செட் ஆகியவற்றுள் எது அச்சு முறை என்பவையே அந்த மூன்று. இவை தெரியாமல் செய்யும் திருத்தங்களில் பாதியை மறுபடி செய்ய வேண்டியிருக்கும். ஏனெனில் எத்தனை பிக்சல் தேவை, எந்த நிற முறைக்கு மாற்ற வேண்டும், எவ்வளவு கூர்மையாக்கலாம் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இந்த மூன்றிலிருந்துதான் கிடைக்கிறது.

முதலில் அளவைப் பார்ப்போம். கையில் வைத்துப் பார்க்கும் அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது நிலைத்துவிட்ட கணக்கு. நல்ல வழவழப்பான தாளில் ஆப்செட் அச்சு பெரும்பாலும் அங்குலத்துக்கு 150 வரிசை மைப்புள்ளிகளாக அச்சாகிறது. அதற்கு இரு மடங்கு பிக்சல் இருந்தால் போதும் என்பதிலிருந்து வந்த எண் அது. 6000 × 4000 பிக்சல் உள்ள 24 மெகாபிக்சல் படத்தை 300 ஆல் வகுத்தால் 20 × 13.3 அங்குலம் கிடைக்கும். 4032 × 3024 பிக்சல் உள்ள 12 மெகாபிக்சல் கைபேசிப் படம் ஏறத்தாழ 13.4 × 10 அங்குலம் வரை தாங்கும். அதே படம் அரட்டைச் செயலி வழியாகச் சுருங்கி 1600 × 1200 பிக்சலாக வந்து சேர்ந்தால் 5.3 × 4 அங்குலத்தோடு அதன் தகுதி முடிந்துவிடும். ஆகவே படத்தை எடுத்தவரிடம் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குவதே முதல் வேலை.

கோப்பின் விவரத்தில் ‘72 டிபிஐ’ (அங்குலத்துக்கு 72 புள்ளி) என்று இருப்பதைக் கண்டு பலர் பதறுகிறார்கள். அது வெறும் குறிப்பு; படத்தின் தரம் மொத்தப் பிக்சல்களில்தான் இருக்கிறது. ஃபோட்டோஷாப்பின் ‘இமேஜ் சைஸ்’ சாளரத்தில் ‘ரீசாம்பிள்’ என்னும் தேர்வை நீக்கிவிட்டு 300 என்று இட்டால், ஒரு பிக்சல்கூட மாறாமல் அச்சளவு மட்டும் சரியாகக் காட்டப்படும். அந்தத் தேர்வை நீக்காமல் 72ஐ 300 ஆக மாற்றினால், இல்லாத விவரங்களை மென்பொருள் ஊகித்து நிரப்பிக் கோப்பைப் பெரிதாக்கும், படம் தெளிவாகாது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பெரிதாக்கும் கருவிகள் இதைவிட நன்றாகச் செய்கின்றன என்றாலும், சிறிய முகங்களில் அவை கண்ணையும் பல்லையும் தாமாக வரைந்துவிடுவதுண்டு. நிலக்காட்சிக்கு அவற்றை நம்பலாம். குழுப் படத்துக்கு ஒவ்வொரு முகத்தையும் பெரிதாக்கிப் பார்த்த பிறகே நம்ப வேண்டும். சுவரில் மாட்டும் பெரிய அச்சுக்கு அங்குலத்துக்கு 150 முதல் 200 பிக்சல் போதும்; சாலையோரப் பதாகைக்கு அதைவிட மிகக் குறைவே போதும், ஏனெனில் அதை யாரும் அருகில் நின்று பார்ப்பதில்லை.

அளவு சரியாக இருந்தாலும் விகிதம் பொருந்தாமல் போகலாம். பெரும்பாலான கேமராக்களின் படம் 3:2 விகிதத்தில் இருக்கிறது; கைபேசியின் படம் வழக்கமாக 4:3. 12 × 8 அங்குல அச்சில் 3:2 படம் அப்படியே உட்காரும். 10 × 8 அங்குலம் கேட்டால், 6000 × 4000 பிக்சல் படத்திலிருந்து 5000 × 4000 மட்டுமே எஞ்சும். அகலத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். குழுப் படத்தில் இரு ஓரங்களிலும் நிற்பவர்கள் தோளோடு காணாமல் போவது இப்படித்தான். எதை விடுவது என்பதை இயந்திரத்திடம் விடாமல், அச்சின் விகிதத்திலேயே நீங்கள் வெட்டி அனுப்ப வேண்டும்.

படம் தாளின் விளிம்பு வரை நிறைந்திருக்க வேண்டுமானால் ‘ப்ளீட்’ தேவை. தாள்களை அடுக்கி வெட்டும்போது கத்தி சற்றே இப்படியும் அப்படியும் நகரும் என்பதால், வெட்டுக்கோட்டுக்கு வெளியே நான்கு பக்கமும் படம் நீண்டிருக்க வேண்டும். பொதுவாக 3 மி.மீ. கேட்பார்கள். அப்படியானால் 210 × 297 மி.மீ. உள்ள ஏ4 பக்கத்துக்குக் கோப்பு 216 × 303 மி.மீ. இருக்க வேண்டும், 300 பிக்சல் கணக்கில் அது 2551 × 3579 பிக்சல். எழுத்தும் முகமும் வெட்டுக்கோட்டிலிருந்து குறைந்தது 5 மி.மீ. உள்ளே இருக்கட்டும். விளிம்பை ஒட்டி மெல்லிய சட்டம் வரையும் ஆசையை விட்டுவிடுவது நல்லது, அரை மி.மீ. நகர்ந்தாலும் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் தெரியும்.

‘அச்சு இருட்டாக வந்துவிட்டது’ என்பதே அச்சுக்குக் கொடுப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார். அதற்கு முக்கியமான காரணம் திரையின் வெளிச்சம். திரை தானே ஒளிர்கிறது. தாளோ தன்மேல் விழும் ஒளியைத் திருப்புகிறது. அச்சுக்கான திருத்தத்துக்குத் திரையின் ஒளி ஒரு சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா அளவில் இருப்பது ஏற்றது. முழு வெளிச்சத்தில் வைத்த மடிக்கணினிகள் பல இதைப் போல இரண்டு, மூன்று மடங்கு ஒளிர்கின்றன. அளக்கும் கருவி இல்லாதவர்கள், வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திரையில் திறந்து, அதன் அருகே வெள்ளைத் தாளை அறை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும் வரை வெளிச்சத்தைக் குறைக்கலாம். இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியை நிறுத்திவிட வேண்டும். அதன் பிறகு படத்தைப் பார்த்தால், முடியும் கறுப்பு உடையும் விவரமின்றி ஒரே இருட்டாக இருப்பது புலப்படும். அந்த நிழல் பகுதிகளை மட்டும் சற்றுத் தூக்கிவிட வேண்டும். பூச்சில்லாத தாளாக இருந்தால் இன்னும் சற்றுக் கூடுதலாகத் தூக்கலாம். மை அதில் ஊறிப் பரவுவதால் புள்ளிகள் பெருத்து இடைநிலை நிறங்களும் கருக்கும்.

நிறத்தில் பெரும் குழப்பம் ஆர்ஜிபி, சிஎம்ஒய்கே என்ற இரண்டைப் பற்றியது. முன்னது சிவப்பு, பச்சை, நீல ஒளிகளால் திரை நிறம் காட்டும் முறை; பின்னது சயான் (நீலம்), மெஜந்தா (இளஞ்சிவப்பு), மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால் அச்சிடும் முறை. ‘அச்சு என்றாலே சிஎம்ஒய்கே’ என்று நினைத்து எல்லாக் கோப்புகளையும் மாற்றுவது தவறு. ஃபோட்டோ லேபும் பெரும்பாலான இங்க்ஜெட் இயந்திரங்களும் ஆர்ஜிபி கோப்பையே எதிர்பார்க்கின்றன. வேறு எதுவும் சொல்லப்படாவிட்டால் எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான புரொஃபைலை (கோப்பின் நிற எண்கள் எந்த நிறத்தைக் குறிக்கின்றன என்று சொல்லும் விவரத்தை) கோப்பிலேயே பதித்து அனுப்புவது பாதுகாப்பு. ஆப்செட்டுக்குத்தான் சிஎம்ஒய்கே வருகிறது. அதிலும் எந்தப் புரொஃபைல் என்பதை அச்சகமே சொல்ல வேண்டும். வழவழப்பான தாளுக்கும் செய்தித்தாளுக்கும் தாங்கும் மையின் மொத்த அளவு வெவ்வேறு: ஒவ்வொரு மையின் முழு அளவும் 100 விழுக்காடு என்ற கணக்கில், முன்னதில் நான்கு மையும் சேர்ந்து 300 விழுக்காட்டையொட்டி இருக்கலாம், பின்னது 240 விழுக்காட்டையொட்டி நின்றுவிட வேண்டும். மிஞ்சினால் மை உலராமல் அடுத்த தாளின் பின்புறத்தில் ஒட்டும்.

மாற்றுவதற்கு முன், அச்சில் வரப்போகும் தோற்றத்தைத் திரையில் காட்டும் ‘சாஃப்ட் ப்ரூஃப்’ வசதியில் அந்தப் புரொஃபைலைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தால், எந்த நிறங்கள் அடிபடும் என்பது திரையிலேயே தெரிந்துவிடும். மின்னும் பச்சை, அடர்ந்த தூய நீலம், பளீரென்ற ஆரஞ்சு ஆகியவை நான்கு மைகளுக்கு எட்டாதவை. நீலம் ஊதாப் பக்கம் சாயவும் கூடும். மாற்றும்போது ‘கன்வர்ட்’ என்ற கட்டளையையே பயன்படுத்த வேண்டும். ‘அசைன்’ என்பது நிற எண்களை அப்படியே வைத்துக்கொண்டு அவை குறிக்கும் நிறத்தை மட்டும் மாற்றுவதால் தோற்றமே மாறிவிடும். ஆர்ஜிபி மூலத்தைத் தனியாகப் பத்திரப்படுத்தி, நகலைத்தான் மாற்ற வேண்டும். ஒரு முறை சுருங்கிய நிறம் திரும்பி வராது.

சிறிய எழுத்துகள் கறுப்பு மை 100 விழுக்காடாக மட்டும் இருக்கட்டும். நான்கு மைகளில் எழுத்தை அடித்தால், தட்டுகள் இம்மி நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி வண்ண நிழல் தோன்றும். பெரிய கறுப்புப் பரப்புக்கு நிலைமை நேர்மாறு: கறுப்பு மை மட்டும் என்றால் சாம்பலாக வெளிறும், சிறிது நீல மை சேர்த்தால் ஆழம் கிடைக்கும். லோகோவும் எழுத்தும் இயன்றவரை வெக்டராகவே, அதாவது பிக்சல்களாக இல்லாமல் கோட்டு வடிவங்களாகவே, இருக்க வேண்டும்.

கூர்மையாக்குவது கடைசி வேலை. இறுதி அளவுக்குக் கொண்டுவந்த பிறகே செய்ய வேண்டும். திரையில் இம்மி அதிகம் என்று தோன்றும் அளவு தாளில் சரியாக இருக்கும்.

சேமிக்கும்போது திருத்திய அடுக்குகளை (லேயர்களை) ஒன்றாக்கி, 8 பிட் டிஃப் (TIFF) கோப்பாகவோ உயர்ந்த தரத்தில் ஜேபெக்காகவோ வைக்கலாம். ஜேபெக்கைத் திறந்து திருத்தி மீண்டும் மீண்டும் சேமித்தால் ஒவ்வொரு முறையும் விவரம் கொஞ்சம் உதிரும். பிஎன்ஜி சிஎம்ஒய்கேயை ஏற்காது. பக்க வடிவமைப்பு முழுவதையும் அனுப்புவதானால் அச்சுக்கென வரையறுத்த பிடிஎஃப் எக்ஸ் (PDF/X) வகை நல்லது. எழுத்துருக்கள் அதற்குள்ளேயே பதிந்து போகும். கோப்பை அரட்டைச் செயலியில் படமாக அனுப்பாமல், ஆவணமாகவோ மேகச் சேமிப்பின் இணைப்பாகவோ அனுப்ப வேண்டும்.

நிறைய பிரதிகள் அச்சிடுவதற்கு முன், முகத்தோல், இருண்ட உடை, வெளிர் வானம் மூன்றும் அடங்கும் ஒரு துண்டை அதே தாளில் மாதிரி அச்சாகக் கேளுங்கள். மை உலர்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். லேமினேஷன் உண்டு என்றால் அதையும் செய்து பார்க்க வேண்டும். மேட் லேமினேஷன் கறுப்பின் ஆழத்தைக் குறைக்கும். திருத்தம் சொல்லும்போது ‘இன்னும் நன்றாக வரட்டும்’ என்றால் அச்சகத்தாருக்கு எதுவும் விளங்காது. ‘முகம் சிவந்திருக்கிறது, மெஜந்தாவைக் குறைக்க வேண்டும்’ என்று இடத்தையும் நிறத்தையும் மாதிரித் தாளின் மேலேயே எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். திருத்திய பின் வரும் அடுத்த மாதிரியை அதனோடு சேர்த்து வைத்துப் பார்த்த பிறகு அச்சுக்கு ஒப்புதல் தரலாம்.