படிக்கிற பிள்ளைக்கு லேப்டாப்: வாங்கிய பிறகு தெரியவரும் தவறுகள்

அக்கா மகளுக்குக் கட்டடக்கலை படிப்பில் இடம் கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் மறுவாரமே அவளுக்கு ஒரு மேக்புக் வாங்கிக் கொடுத்தோம். நல்ல லேப்டாப், அதில் ஒரு குறையும் இல்லை. வகுப்பு தொடங்கி மூன்றாவது வாரம் போன் வந்தது. "சித்தி, ரெவிட்னு ஒரு சாஃப்ட்வேர் போடச் சொல்றாங்க. இதுல வராதாம்."

உண்மைதான். கட்டட வரைபடம் போடும் இந்த ரெவிட்டுக்கு மேக் பதிப்பே கிடையாது. பழைய இன்டெல் மேக்குகளில் பூட் கேம்ப் என்ற ஆப்பிள் வசதி வழியாக விண்டோஸைப் போட்டுக்கொள்ள முடிந்தது. 2020இல் ஆப்பிளின் சொந்த எம்1 சிப் வந்ததிலிருந்து அந்த வழியும் அடைபட்டுவிட்டது. அந்தப் பருவம் முழுக்க அவள் ஆய்வகத்தில் ஒரு கணினி காலியாகும்வரை காத்திருந்து, இரவு எட்டு மணிக்கு மேல் வரைபடம் போட்டாள். தப்பு லேப்டாப்பில் இல்லை. துறையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிய எங்களிடம்தான்.

அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: சேர்க்கைக்கு முன்னால் வாங்காதீர்கள். எந்தெந்த மென்பொருள் வேண்டும், அவற்றுக்குக் குறைந்தபட்சம் என்ன தேவை என்று துறையில் கேளுங்கள், அல்லது அதே படிப்பில் இரண்டாம் ஆண்டில் இருக்கும் மாணவரிடம் கேளுங்கள். இயந்திரவியலில் பயன்படும் சாலிட்வொர்க்ஸும் விண்டோஸுக்கு மட்டும்தான். ஐபோன் ஆப் உருவாக்கக் கற்க வேண்டுமானால் எக்ஸ்கோட் தேவை, அது மேக்கில்தான் ஓடும். குரோம்புக் பள்ளிப் பாடத்துக்குப் போதும், ஆனால் விண்டோஸுக்கென்று எழுதிய மென்பொருள் எதையும் அதில் நிறுவ முடியாது. போன்களில் வரும் வகையைச் சேர்ந்த ஸ்னாப்டிராகன் சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப்புகளில் பேட்டரி நன்றாக நிற்கிறது. அன்றாட வேலை எல்லாம் ஓடிவிடும். ஆய்வகக் கருவிகளின் பழைய டிரைவர்கள், சில ஆன்லைன் தேர்வு மென்பொருள்கள் இவற்றில்தான் சிக்கல் வரலாம். இலக்கியம், வரலாறு, சட்டம், பொருளாதாரம் படிப்பவர்களுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

அடுத்தது பிராசஸர், கணினியின் மூளை போன்ற சிப். "ஐ7 வேண்டும்" என்று முடிவு செய்துகொண்டே பலரும் கடைக்குள் போகிறார்கள். இன்டெல் நிறுவனத்தின் ஐ5, ஐ7 என்பது ஒரே தலைமுறைக்குள் இருக்கும் வரிசை மட்டுமே. அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பார்க்காவிட்டால் அந்த ஸ்டிக்கருக்கு அர்த்தமே இல்லை. ஓர் எடுத்துக்காட்டு: ஏழாம் தலைமுறை ஐ7-7500யூவில் 2 கோர்கள்தான், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் இரண்டு பகுதிகள். அடுத்த ஆண்டு வந்த ஐ5-8250யூவில் 4 கோர்கள். 'சின்ன' ஐ5 அந்த ஐ7ஐ எளிதாக முந்திவிடும். ஏஎம்டி நிறுவனத்தின் சிப்புகளிலும் கவனம் வேண்டும். ரைசன் 7000 வரிசை லேப்டாப் சிப்புகளில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பு எந்தக் காலத்தது என்று காட்டும். ரைசன் 5 7520யூ 2022இல் வெளிவந்தது, ஆனால் அதன் உள்ளே இருப்பது 2019இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு. 7540யூ என்றால் ஜென் 4. பெயரில் ஓர் இலக்கம்தான் வேறு, வேகத்தில் பெரிய இடைவெளி. கடைசியில் வரும் எழுத்தையும் பாருங்கள். 'யூ' என்றால் குறைந்த மின்சாரத்தில் ஓடுவது. 'எச்' என்றால் வேகம் கூடுதல், சூடும் கூடுதல், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும்.

என்னைக் கேட்டால், மாணவருக்குப் பிராசஸரில் நடுத்தரம் போதும். மிச்சப்படும் பணத்தை, பிறகு மாற்றவே முடியாத பாகங்களில் போட வேண்டும். இந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான வருத்தங்கள் இங்கேதான் தொடங்குகின்றன.

ரேமை, அதாவது திறந்திருக்கும் வேலைகளைத் தாங்கும் தற்காலிக நினைவகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "இப்போதைக்கு 8 ஜிபி இருக்கட்டும், அப்புறம் கூட்டிக்கொள்ளலாம்" என்று நினைத்து வாங்கிய ஒரு மாணவனோடு உட்கார்ந்து அவன் லேப்டாப்பைத் திறந்து பார்த்தோம். அடிப்பக்கம் பத்துச் சின்னத் திருகுகள், அதில் இரண்டு ரப்பர் கால்களுக்குக் கீழே ஒளிந்திருந்தன. பழைய பிளாஸ்டிக் அட்டையை இடுக்கில் நுழைத்து, ஓரமாக நகர்த்தி நகர்த்தி மூடியைக் கழற்றினோம். உள்ளே ரேம் குச்சியைச் செருகும் இடத்தைத் தேடினால், அப்படி ஓர் இடமே இல்லை. போர்டின் மேலேயே நான்கு கறுப்புச் சதுரச் சிப்புகளைப் பற்றவைத்திருந்தார்கள். மறுபடியும் மூடித் திருகுகளைப் போடும்போது அவன் ஒன்றும் பேசவில்லை. இன்னும் மூன்று வருடம் அந்த 8 ஜிபியோடுதான் அவன் ஓட்ட வேண்டும்.

இதை வாங்கும் முன்பே கண்டுபிடிக்கலாம். விவரப் பட்டியலில் 'எல்பிடிடிஆர்' என்றோ 'ஆன்போர்டு' என்றோ இருந்தால் அநேகமாகப் பற்றவைத்ததுதான். 'எஸ்ஓ-டிம்' என்றோ 'ஸ்லாட்' என்றோ இருந்தால் பிறகு கூட்ட வழி உண்டு. ரேம் நிரம்பிவிட்டால் கணினி கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியையே தற்காலிக நினைவகமாகப் பயன்படுத்தத் தொடங்கும். வீடியோ வகுப்பு, இருபது பிரவுசர் டேப், பாதி எழுதிய அறிக்கை எல்லாம் திறந்திருக்கும் இரவில் மவுஸ் அசையத் தயங்குவது அதனால்தான். பள்ளி மாணவருக்கு 8 ஜிபி சரி. கல்லூரிக்கு என்றால் 16 ஜிபிக்குக் கீழே இறங்காதீர்கள், அதுவும் கூட்ட முடியாத மாடல் என்றால் கண்டிப்பாக.

சேமிப்பகத்தைப் பற்றி இவ்வளவு கவலை வேண்டாம். பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்புகளில் எஸ்எஸ்டியை மாற்றிக்கொள்ளலாம். 64 ஜிபி இஎம்எம்சி (எஸ்எஸ்டியைவிட மெதுவான சேமிப்பகம்) உள்ள மலிவு மாடலை மட்டும் தவிருங்கள். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச இடமே 64 ஜிபி. அதில் அப்டேட்டுக்கும் இடம் இருக்காது, பாடத்துக்கும் இடம் இருக்காது. 512 ஜிபி வாங்கினேன், 476தான் காட்டுகிறது என்று சிலர் பதறுவார்கள். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது. யாரும் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

திரைதான் கடையில் நம்மை அதிகம் ஏமாற்றுவது. அங்கே வெளிச்சத்தை முழுதாக வைத்து, கண்ணைப் பறிக்கும் வண்ண வீடியோவை ஓடவிட்டிருப்பார்கள். அதை நிறுத்திவிட்டு, எழுத்து நிறைந்த வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறக்கச் சொல்லுங்கள், பிள்ளை நான்கு வருடம் பார்க்கப்போவது அதைத்தானே. பிறகு திரையை மெல்லப் பின்னால் சாயுங்கள். எழுத்து வெளிறி, நிறம் தலைகீழானால் அது பழைய டிஎன் வகைப் பேனல், வேண்டாம். ஐபிஎஸ் பேனலில் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் பெரிதாக மாறாது. வெளிச்சத்தை 'நிட்ஸ்' என்ற அளவில் சொல்வார்கள். 250 என்பது அறைக்குள் போதும், ஜன்னலோரம் உட்கார்ந்தால் திணறும், 300க்கு மேல் நல்லது. எவ்வளவு நிறம் காட்டும் என்பதற்கு '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று போட்டிருந்தால் சிவப்பு செங்கல் நிறமாகத்தான் தெரியும், வடிவமைப்பு படிப்பவர்கள் எஸ்ஆர்ஜிபி 100 சதவீதம் என்று தேடுங்கள். 1920க்கு 1080 திரையைவிட 1920க்கு 1200 திரையில் உயரம் கொஞ்சம் கூடுதல். ஒரே பக்கத்தில் இன்னும் சில வரிகள் தெரியும். கட்டுரை எழுதுகிறவர்களுக்கு அது நிஜமான வசதி.

அப்படியே கீபோர்டில் இரண்டு நிமிடம் தட்டச்சு செய்து பாருங்கள். கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

பேட்டரிக்கு "15 மணி நேரம்" என்று விளம்பரத்தில் இருக்கும். அது பெரும்பாலும் வெளிச்சத்தைக் குறைத்து, வீடியோ ஒன்றை மட்டும் ஓடவிட்டு அளந்தது. அதைவிட்டுவிட்டு பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் வாட்-ஹவர் எண்ணைப் பாருங்கள். 42 வாட்-ஹவர் பேட்டரி, சராசரியாக 7 வாட் செலவழிக்கும் வேலை என்றால் 6 மணி நேரம் வரும். அதே வேலைக்கு 60 வாட்-ஹவர் எட்டரை மணி நேரம் கொடுக்கும். வகுப்பறையில் பிளக் பாயிண்டுக்குப் பக்கத்தில் தினமும் இடம் கிடைக்காது என்பதை நினைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

பொறியியல் என்றாலே கேமிங் லேப்டாப் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. முப்பரிமாண வேலை, வீடியோ எடிட்டிங் என்றால் தனி கிராபிக்ஸ் கார்டு நிச்சயம் உதவும். புரோகிராமிங் கற்க அது தேவையே இல்லை. மெஷின் லேர்னிங்குக்கு என்விடியா கார்டிலேயே கணக்குகளை ஓடவிடும் குடா வசதி பயன்படும் என்பது சரிதான், ஆனால் தொடக்கப் பாடங்களைக் கூகுள் கொலாப் என்ற இணையச் சேவையில் பிரவுசரிலேயே செய்துவிடலாம். கேமிங் லேப்டாப் பலதும் இரண்டரை கிலோவை ஒட்டி இருக்கும், சார்ஜர் தனியாக அரைக் கிலோவுக்கு மேல்கூடப் போகும். பையில் புத்தகங்களோடு அதையும் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுகிற பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டால் வேகமும் பாதியாகக் குறையக்கூடும்.

பழைய லேப்டாப் வாங்குவதில் தவறே இல்லை. அலுவலகங்களில் பயன்படுத்திய நல்ல மாடல், புது மலிவு மாடலைவிட உறுதியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மூன்றைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். முதலாவது, விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை முதல்தான். அப்புறம் பேட்டரி: விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கலாம், அதில் புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளளவு, இப்போது முழு சார்ஜில் எவ்வளவு என்று இரண்டு எண்கள் இருக்கும். பாதிக்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரி விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கடைசியாக, பழைய உரிமையாளரின் கணக்கோ, நிறுவனத்தின் பூட்டோ, விண்டோஸ் தொடங்கும் முன்பே குறுக்கிடும் பயாஸ் பாஸ்வேர்டோ இருக்கக் கூடாது. உங்கள் எதிரிலேயே எல்லாவற்றையும் அழித்து, முதலிலிருந்து தொடங்கிக் காட்டச் சொல்லுங்கள்.

மென்பொருளுக்குத் தனியாகப் பணம் கட்டும் முன் கல்லூரி மின்னஞ்சல் வரட்டும். தகுதியுள்ள கல்வி நிறுவனங்களின் மாணவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் 365 இணையப் பதிப்பு இலவசம். ரெவிட்டைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க்கின் மென்பொருள்களும் தகுதியைச் சரிபார்த்துவிட்டு மாணவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கின்றன.

வாங்கி வந்த முதல் வாரம் அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு நாள் உட்கார்ந்து, முழுக் கறுப்பு, முழு வெள்ளைப் படங்களைத் திரையில் வைத்துப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொரு சாவியையும் அழுத்திப் பாருங்கள், ஒவ்வொரு போர்ட்டிலும் பென்டிரைவைச் செருகிப் பாருங்கள். யூஎஸ்பி-சி ஓட்டை இரண்டு இருந்தால் எதில் சார்ஜ் ஏறுகிறது, எதில் வெளித்திரை வருகிறது என்று சோதியுங்கள், வடிவம் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் ஒரே வேலையைச் செய்யும் என்று சொல்ல முடியாது. இரவு முழு சார்ஜில் மூடி வைத்துவிட்டு, காலையில் எத்தனை சதவீதம் இறங்கியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏதாவது உறுத்தினால், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் பெட்டியும் பில்லுமாகக் கடைக்குப் போய்விடுங்கள்.