ரம்ப மோட்டார் சட்டென்று நிற்க டிசி பிரேக் போடுவது எப்படி

புதூர் பக்கம் ஒரு மரப்பட்டறையில் பார்த்தேன். ஸ்டாப் பட்டனை அழுத்திய பிறகும் வட்ட ரம்பம் அரை நிமிஷம் சுற்றிக்கொண்டே இருந்தது, உதவிக்கு நின்ற பையன் பொறுக்காமல் ஒரு ரீப்பர் கட்டையை எடுத்து பிளேடின் பக்கவாட்டில் அழுத்தினான். கட்டை கருகி வாடை அடித்தது. ஒரு தடவை வழுக்கினால் விரல் போய்விடும். தயவுசெய்து இப்படிச் செய்யாதீர்கள், அந்த மோட்டாரையே பிரேக்காக்க முடியும்.

சுற்றுகிற பிளேடில் இருக்கும் ஆற்றல் எங்கேயாவது போயாக வேண்டும், விஷயமே அவ்வளவுதான். கொடைரோடு தாண்டி மதுரைக்கு வருகிற வண்டியில் டபிள்யூஏபி-7 எஞ்சின் மாட்டியிருந்தால், வேகம் குறைக்கும்போது அதன் த்ரீ ஃபேஸ் மோட்டார்கள் ஜெனரேட்டராக மாறி 25 கிலோவோல்ட் மேல்கம்பிக்கே கரண்டைத் திருப்பி அனுப்பும். பிளாட்ஃபாரத்தில் கடைசியாக நிற்க வைப்பது காற்று பிரேக். பட்டறைக்கு அந்த அளவுக்கு வேண்டாம், மோட்டாருக்குள் சுற்றுகிற பாகமான ரோட்டரிலேயே சூடாகக் கரைத்துவிடலாம்.

சிலர் இரண்டு ஃபேஸை மாற்றிக் கொடுத்து எதிர்த்திசையில் இழுத்து நிறுத்துவார்கள், பிளக்கிங் என்பது அதுதான். ரம்பத்துக்கு இதை நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். டிசி பிரேக்கைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு சூடு ரோட்டரில் இறங்கும், மோட்டார் நின்றதும் சப்ளையை வெட்டுகிற ஜீரோ ஸ்பீடு சுவிட்ச் வேலை செய்யாவிட்டால் பிளேடு தலைகீழாக ஓடும், அந்த உதறலில் பிளேடு நட்டும் கழன்றுவிடலாம்.

டிசி பிரேக்கில், ஏசியைத் துண்டித்துவிட்டு, மோட்டாரின் சுற்றாத பாகமான ஸ்டேட்டரில் உள்ள வைண்டிங்கின் இரண்டு முனைகளுக்குக் குறைந்த வோல்ட் டிசி கொடுக்கிறோம். காந்தப்புலம் அசையாமல் நிற்கும், ரோட்டர் அதை வெட்டிக்கொண்டு சுற்றுவதால் தானே இழுபட்டு வேகம் குறையும்.

முதலில் மெயினை ஆஃப் செய்து, மோட்டார் வயரைக் கழற்றிவிட்டு, இரண்டு முனைகளுக்கு நடுவே ரெசிஸ்டன்ஸ் அளந்து பாருங்கள். 3 எச்பி மோட்டார் 5 ஆம்பியர் எடுக்கிறது, உங்கள் அளவு 4 ஓம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். பிரேக் கரண்ட் அந்த 5 ஆம்பியரைப்போல இரண்டு மடங்கு, 10 ஆம்பியர் போதும். பத்தை நாலால் பெருக்கினால் 40 வோல்ட் டிசி. ஏசியை டிசியாக்குகிற பிரிட்ஜ் ரெக்டிஃபையருக்கு முன்னால் 45 வோல்ட்டை ஒட்டி செகண்டரி உள்ள, 500 விஏ அளவு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அது இல்லாமல் மெயின்ஸை நேராக ரெக்டிஃபை செய்து கொடுத்தால் வைண்டிங் எரிந்துவிடும்.

அடுத்தது கான்டாக்டர், அதாவது காயிலுக்கு கரண்ட் கொடுத்தால் இழுத்து இணைக்கிற சுவிட்ச், ஆட்கள் அதிகம் தப்பு செய்கிற இடம். டிசியின் இரண்டு கம்பியுமே கான்டாக்டர் வழியாகத்தான் போக வேண்டும், ஏனென்றால் மோட்டார் ஓடும்போது அதே முனைகளில் 415 வோல்ட் இருக்கிறது, ஒரு கம்பி நேராக இருந்தாலும் பிரிட்ஜுக்கு ஆபத்து. ஏசி கான்டாக்டரும் டிசி கான்டாக்டரும் ஒரே நேரத்தில் இழுக்காதபடி மெக்கானிக்கல் இன்டர்லாக், எலக்ட்ரிக்கல் இன்டர்லாக் இரண்டையும் போடுங்கள். ஏசி விட்டபின் அரை விநாடி, ஒரு விநாடி இடைவெளி கொடுத்து டிசி வரட்டும், மோட்டாருக்குள் மிச்சமிருக்கும் காந்தம் அடங்க அந்த நேரம் தேவை. அப்புறம் ஒரு டைமர், பிளேடு நின்றதும் டிசியை வெட்ட.

முதல் சோதனையை பிளேடு இல்லாமல் செய்யுங்கள். டிசி அளக்கிற கிளாம்ப் மீட்டரை மாட்டி கரண்டைப் பாருங்கள், கூடுதலாக இருந்தால் டிரான்ஸ்ஃபார்மரில் குறைந்த வோல்ட் தருகிற டேப்புக்கு (முனைக்கு) மாற்றுங்கள். பிளேடு மாட்டியபின் ஐந்தாறு தடவை நிறுத்திவிட்டு, மெயினை ஆஃப் செய்து, நட் இளகியிருக்கிறதா என்று ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். இளகினால் பிரேக் கடுமை அதிகம், கரண்டைக் குறைத்து இன்னும் மெதுவாக நிற்க விடுங்கள்.

கரண்ட் போனால் இந்த பிரேக்கும் போய்விடும், நின்றபின் சுமையைப் பிடித்து வைக்கவும் செய்யாது. ஹாய்ஸ்ட், லிஃப்ட் மோட்டார்களுக்கு கரண்ட் போனதும் ஸ்பிரிங் தானாகப் பிடிக்கிற மின்காந்த பிரேக்தான் போட வேண்டும்.