படைவீரர்களுக்கு எடை இயந்திரத்தைவிட ஒரு நூல் போதும்

உங்கள் உயரத்துக்குச் சரியாக, இழுபடாத நூல் ஒன்றை வெட்டி இரண்டாக மடியுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே வயிற்றைச் சுற்றிப் பிடியுங்கள். நுனிகள் தொடவில்லையென்றால் தொப்பை விழத் தொடங்கிவிட்டது. மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை எக்கிப் பிடித்தால் பயனில்லை.

தசை கூடினாலும் பிஎம்ஐ (எடையை உயரத்தோடு ஒப்பிடும் கணக்கு) 25-ஐத் தாண்டக்கூடும் என்பதால், கட்டுடல் கொண்ட வீரரையும் அந்தக் கணக்கு பருமனானவராகக் காட்டிவிடும். வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது வயிற்றுக் கொழுப்பை நேராகப் பிடித்துவிடும். களப்பணியிலிருந்து மேசைப் பணிக்கு மாறிய மாதங்களில் அவசியம் பாருங்கள். ஓட்டம் குறைந்தும் சாப்பாடு குறையாத காலம் அது.

கர்ப்பிணி வீராங்கனைகளுக்கும் அண்மையில் பிரசவித்தவர்களுக்கும் இது பொருந்தாது. உடற்தகுதித் தேர்வில் படைப்பிரிவின் அளவீடுதான் செல்லும்.