துளைப் பின்னல் ஸ்வெட்டர்: கழுத்தில் தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய தவறுகள்

புதிதாகப் பின்னப் பழகும் இரண்டு பேருக்குச் சில வாரங்களாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். மெல்லிய நூலில், கழுத்தில் தொடங்கிக் கீழ்நோக்கி இறங்கும் ஸ்வெட்டர். மார்புப் பகுதியில் சிறு துளைகள். நான் செய்த அதே பிழைகளை அதே வரிசையில் அவர்களும் செய்வதைப் பார்க்கிறேன். கண்ணி நழுவுவது, எண்ணிக்கை மறப்பது போன்றவை தானாகச் சரியாகிவிடும். மற்றவற்றைச் சொல்கிறேன்.

மாதிரித் துண்டைக் கழுவாமல் அளப்பது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.

என் முதல் ஸ்வெட்டருக்கு உள்ளங்கை அளவு மாதிரித் துண்டு ஒன்றைப் பின்னினேன். ஊசியில் இருந்தபடியே அளந்தேன். 10 செ.மீ.க்கு 24 கண்ணிகள். மார்புக்கு 228 கண்ணிகள் என்று கணக்குப் போட்டேன், 95 செ.மீ. வரும், அளவு கச்சிதம். இரண்டு மாதம் பின்னி முடித்து, தண்ணீரில் நனைத்து, துவாலையில் சுருட்டிப் பிழிந்து, விரித்துக் காயவைத்தேன். மறுநாள் அளந்தால் 10 செ.மீ.க்கு 22 கண்ணிகள்தான். அதே 228 கண்ணிகள் இப்போது ஏறக்குறைய 104 செ.மீ. கைகள் விரல் நுனி வரை தொங்கின. அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்ட தம்பியைப் போல நின்றேன்.

நூலின் மேல் பழி போட்டேன். நூல் என்ன செய்யும்? இயந்திரத்தில் துவைக்கும்படி பதப்படுத்திய கம்பளி நனைந்தால் தளர்ந்து நீளும். துளை வேலைப்பாடு ஈரத்தில் விரிந்துகொடுக்கும். பெரும்பாலான பின்னல் குறிப்புகள் தரும் அளவும் கழுவி உலர்த்திய துணியின் அளவுதான்.

ஆகவே துண்டு 15 செ.மீ. அகலமாவது இருக்கட்டும், ஓரங்களை விட்டுவிட்டு நடுவில் 10 செ.மீ. அளந்துகொள்ளுங்கள். துளைகளும் அதில் இருக்க வேண்டும். ஸ்வெட்டரை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே அதையும் துவையுங்கள். இன்னொன்று: ஸ்வெட்டரை வட்டமாகப் பின்னப்போகிறீர்கள் என்றால் துண்டையும் வட்டமாகவே பின்னுங்கள். திருப்பித் திருப்பிப் பின்னும்போது பின்புற வரிசைகள் பலருக்குத் தளர்ந்துவிடும். வட்டப் பின்னலில் அந்த வரிசைகளே கிடையாது.

"இதற்குச் செலவாகும் நேரத்தில் கழுத்தையே முடித்துவிடலாமே" என்றார் இருவரில் ஒருவர். இதே வாக்கியத்தை நானும் ஒருகாலத்தில் சொன்னவன்தான். கழுத்தை முடிக்கலாம்; அதைப் பிரிக்கவும் வேண்டியிருக்கும்.

துளைக்கு இணை இல்லாமல் நூலைச் சுற்றுவது

நூலை ஊசியின் மேல் ஒருமுறை சுற்றினால் ஒரு கண்ணி கூடும். பக்கத்தில் இரண்டைச் சேர்த்துப் பின்னினால் ஒன்று குறையும். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் ஒரு துளை. ராக்லன் தோளில், அதாவது கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்வாக இறங்கும் தோளில், ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று 8 கண்ணிகள் கூடிக்கொண்டே போவதால், கூட்டும் இடத்தைக் காட்ட ஊசியில் மாட்டும் அடையாள வளையத்தின் அருகே சில வேளை இணைக்கு இடம் இருக்காது. அங்கே பாதித் துளை போடாதீர்கள். வெறுமனே பின்னிக் கடந்துவிடுங்கள். அடுத்த கூட்டல்களில் இடம் தானாக வரும்.

சுற்ற மறந்தது அடுத்த சுற்றில் தெரிந்தால் பிரிக்க வேண்டாம். இரு கண்ணிகளுக்கு நடுவே படுத்திருக்கும் இழையை ஊசியில் தூக்கிப் போட்டு, முறுக்காமல் பின்னுங்கள். முறுக்கினால் துளை மூடிக்கொள்ளும்.

காப்பு நூல் இல்லாமல் துணிவது

துளை வரிசையைப் பிரித்தால் கண்ணிகளைத் திரும்பப் பிடிப்பது தலைவேதனை. துளை இல்லாத ஒரு சுற்றில், வேறு நிறத்தில் வழவழப்பான மெல்லிய நூலைக் கண்ணிகள் வழியே ஓட்டிவையுங்கள்; பிரித்தாலும் கண்ணிகள் அந்த நூலில் நிற்கும். அடையாள வளையங்களுக்குள் ஓட்டிவிடாதீர்கள்; அவையும் அங்கேயே சிறைப்பட்டுவிடும். எனக்கு நான்கும் சிறைப்பட்டன.

இறுக்கமான கழுத்து

தலை நுழைகிறதா என்று தொடக்கத்திலேயே பாருங்கள்.

சாய எண்

ஒரே தடவையில் சாயமிட்ட நூலுக்கு உறையில் ஒரே சாய எண் இருக்கும். எல்லா நூல்கண்டும் ஒரே எண்ணாக இருக்கட்டும். ஒன்று கூடுதலாக வாங்குங்கள்.

அக்குள் ஓட்டை

கைக்குக் கண்ணி எடுக்கும்போது இரு மூலைகளிலும் ஓட்டை விழும். அங்கே ஒன்றிரண்டு கண்ணிகளைக் கூடுதலாக எடுத்து, அடுத்த சுற்றில் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துப் பின்னிவிடுங்கள். அப்படியும் ஓட்டை தெரிந்தால் நூல் வாலை ஊசியில் கோத்து உள்பக்கமிருந்து இழுத்து மூடலாம். வாலைக் குட்டையாக வெட்டிவிட்டு என்னிடம் வராதீர்கள்.