சிறு கடைக்கு சோஷியல் மீடியா: பின்பக்கத்திலிருந்து சரிசெய்யுங்கள்

சின்னதாகத் தொழில் செய்கிறவர்கள் சோஷியல் மீடியா பற்றிப் பேச ஆரம்பித்தால் முதலில் வரும் கேள்விகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்: தினமும் எத்தனை போஸ்ட் போடணும், எந்த நேரத்தில் போடணும், ஃபாலோயரை எப்படி ஏற்றுவது. இதையெல்லாம் நான் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். இன்றைக்கு உங்கள் பக்கத்துக்கு ஒருவர் வந்து "இது இருக்கா, எவ்வளவு?" என்று கேட்டால் அவருக்கு எப்போது பதில் போகிறது, அந்தப் பதிலுக்குப் பிறகு அவர் வாங்குவதற்கு இன்னும் எத்தனை படி ஏற வேண்டியிருக்கிறது, அதைத்தான் முதலில் பார்க்கணும். அங்கே ஓட்டை இருந்தால் மேலே எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது.

அதனால் முதல் வேலை ஒரு சின்னச் சோதனை. உங்கள் போனில் செய்யாதீர்கள், அது உங்களுக்கு வேண்டியதைத்தான் முன்னால் காட்டும். வேறு யாருடைய போனையாவது வாங்கி, கூகுளிலும் இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் கடைப் பெயரைத் தேடுங்கள், அப்புறம் பெயரே தெரியாத ஆள் தேடுவதுபோல நீங்கள் செய்கிற வேலையையும் ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். வந்த பக்கத்தில் என்ன விற்கிறீர்கள், எங்கே இருக்கிறீர்கள், எப்போது திறந்திருக்கும், எப்படித் தொடர்புகொள்வது என்ற நான்கும் விரலால் தள்ளாமலே கண்ணில் படுகிறதா? பல பக்கங்களில் பயோ என்ற இடத்தில் ஒரு தத்துவ வரியும் நாலு எமோஜியும் இருக்கும், போன் நம்பர் இருக்காது. பெயரிலேயே தொழிலையும் சேர்த்துவிடுங்கள். இன்ஸ்டாகிராமில் யூசர்நேம் தவிர தனியாக ஒரு பெயர்க் கட்டம் இருக்கிறது, தேடும்போது அதுவும் கணக்கில் வரும், அதில் கடைப் பெயருக்குப் பக்கத்தில் 'தையல்', 'சைக்கிள் ரிப்பேர்' என்று என்ன வேலையோ அதை எழுதுங்கள்.

கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடையின் விவரத்தைக் காட்டுகிற கூகுள் பிசினஸ் புரொஃபைலை இதே மூச்சில் சொல்லிவிடுகிறேன், பலர் அதை சோஷியல் மீடியா கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அது இலவசம். பக்கத்தில் இருக்கிற கடையைத் தேடுகிறவருக்கு யாரைக் காட்டுவது என்பதை மூன்று விஷயங்களை வைத்து முடிவு செய்வதாக கூகுளே சொல்கிறது: தேடலுக்கு எவ்வளவு பொருந்துகிறது, எவ்வளவு தூரம், எவ்வளவு பிரபலம். தூரத்தை மாற்ற முடியாது, மற்ற இரண்டும் ஓரளவு உங்கள் கையில். வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள், நேரத்தைச் சரியாக வையுங்கள், விடுமுறை நாளை முன்பே மாற்றுங்கள், சொந்தப் படங்களைப் போடுங்கள், வந்து போகிறவர்களிடம் ரிவ்யூ எழுதச் சொல்லுங்கள். ரிவ்யூவுக்குப் பதிலாகத் தள்ளுபடியோ பரிசோ கொடுப்பது கூகுளின் விதிக்கு எதிரானது, அதைச் செய்யாதீர்கள்.

பதில் என்ற பெரிய விஷயம்

வாடிக்கையாளரிடமிருந்து மெசேஜ் வருகிறது என்றால் அவர் ஏற்கெனவே பாதி முடிவு செய்துவிட்டார் என்று அர்த்தம். அதே கேள்வியை அவர் இன்னும் இரண்டு கடைகளுக்கும் அனுப்பியிருப்பார், முதலில் ஒழுங்காகப் பதில் சொன்னவருக்கே வியாபாரம் போக வாய்ப்பு அதிகம். சாதா வாட்ஸ்அப்பில் குடும்பக் குழுக்களுக்கு நடுவே வியாபாரம் செய்கிறவர்கள் உடனே வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்புக்கு மாறலாம், 2018லிருந்து இருக்கிறது, காசு கிடையாது. அதில் 'குவிக் ரிப்ளை' என்று ஒன்று உண்டு: அடிக்கடி சொல்லும் பதில்களை எழுதிவைத்துவிட்டால், அடுத்த முறை ஒரு சாய்வுக்கோடு போட்டு இரண்டு எழுத்து தட்டினால் முழுப் பதிலும் வந்துவிடும். முகவரி, டெலிவரி விவரம், பணம் கட்டும் முறை, அளவு எடுப்பது எப்படி, இதற்கெல்லாம் ஒவ்வொன்று எழுதிவையுங்கள். புதிதாக மெசேஜ் அனுப்புகிறவருக்குத் தானாகப் போகும் வரவேற்பு மெசேஜ், கடை மூடியபின் போகும் மெசேஜ் இரண்டும் உண்டு. அதில் "எங்களைத் தொடர்புகொண்டதற்கு நன்றி" என்பதோடு நிறுத்தினால் வீண். "எந்த மாடல், என்ன அளவு, எப்போது வேண்டும் என்று எழுதிவையுங்கள், காலை பத்து மணிக்குப் பதில் சொல்கிறோம்" என்று எழுதினால் காத்திருக்கிற நேரத்தில் அவர் ஏதோ செய்வார், உங்களுக்கும் காலையில் ஒரு கேள்வி கேட்கிற வேலை மிச்சம். லேபிள் வசதியில் 'விசாரித்தவர்', 'பணம் பாக்கி', 'அனுப்பியாச்சு' என்று பிரித்து வைத்துவிட்டால் யாரை மறந்தோம் என்று தேட வேண்டியதில்லை. பொருள்களைப் படத்தோடு காட்டும் கேட்டலாக்கில் 500 பொருள்வரை ஏற்றலாம், ஆனால் நிறைய விற்கிற இருபதை நல்ல படத்தோடு ஏற்றினாலே போதும்.

விலை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதமான கருத்து உண்டு. "விலைக்கு இன்பாக்ஸ் வாங்க" என்று கமென்ட் போடுவதை நிறுத்துங்கள். விலையை மறைத்தால் நிறையப் பேர் மெசேஜ் செய்வார்கள் என்ற நம்பிக்கையில் செய்கிறார்கள், கேட்கக் கூச்சப்பட்டு நகர்ந்துபோகிறவர்கள் கணக்கில் வருவதே இல்லை. ஆர்டருக்கு ஏற்ப விலை மாறும் தொழில் என்றால் "இதிலிருந்து தொடங்கும், இன்னின்னதைப் பொறுத்துக் கூடும்" என்றாவது எழுதுங்கள். போட்டிக்காரர் பார்த்துவிடுவாரே என்று கேட்பார்கள். வேறு நம்பரிலிருந்து கேட்டு அவர் ஏற்கெனவே தெரிந்துவைத்திருப்பார்.

எந்தத் தளம்? உங்கள் வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே எங்கே இருக்கிறார்களோ அது. தெரியவில்லையென்றால் அடுத்து வருகிற பத்து பேரிடம் கேளுங்கள். ஒன்றை நன்றாகச் செய்யுங்கள், இன்னொன்றில் முகவரியும் நம்பரும் மட்டும் சரியாக இருக்கட்டும். ஐந்து இடத்தில் கணக்கு திறந்து நாலில் ஒரு வருடத்துக்கு முந்தைய போஸ்ட் கடைசியாக நின்றால், பார்க்கிறவருக்குக் கடையையே மூடிவிட்டார்களோ என்றுதான் தோன்றும்.

என்ன போடுவது

இங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். பண்டிகை வாழ்த்து, காலை வணக்கம், இணையத்தில் எடுத்த பொன்மொழி, இதெல்லாம் கடைக்கு ஒன்றும் செய்யாது. உங்களுக்கு வேண்டிய விஷயம் இன்பாக்ஸிலும் கல்லாவுக்கு எதிரிலும் தினமும் வந்துகொண்டே இருக்கிறது. ஒரு வாரம் ஒரு நோட்டை வைத்து, வாடிக்கையாளர்கள் கேட்கிற ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதுங்கள். "துவைத்தால் சாயம் போகுமா?" "இது சின்ன அறைக்குப் பொருந்துமா?" "பழசைக் கொடுத்தால் எடுத்துக்கொள்வீர்களா?" ஒவ்வொரு கேள்வியும் ஒரு வீடியோ. சாயம் போகுமா என்று கேட்டால் கேமரா முன்னாலேயே துவைத்துக் காட்டுங்கள். பேசிப் புரியவைப்பதைவிட அது வேகமாக வேலை செய்யும், மறுபடி யாராவது கேட்டால் அதே வீடியோவின் லிங்க்கை அனுப்பிவிடலாம். விலை ஏன் இப்படி என்று கேட்கிறவர்களுக்கு, சாதாரணத் தையலையும் நீங்கள் போடுகிற இரட்டைத் தையலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இழுத்துக் காட்டுங்கள். வேலைக்கு முன், வேலைக்குப் பின் என்ற இரண்டு படங்கள் ரிப்பேர், பெயின்டிங், அலங்காரம் போன்ற தொழில்களுக்கு எப்போதும் எடுபடும். யாருக்கு உங்கள் பொருள் ஒத்துவராது என்றும் ஒரு வீடியோ போடுங்கள். இதைச் செய்யப் பலருக்குப் பயம், ஆனால் நம்பிக்கை வருவதற்கு இதைவிடக் குறுக்குவழி எனக்குத் தெரியாது.

வாடிக்கையாளர் வீட்டில் எடுத்த படம், அவர் எழுதிய பாராட்டு எதையும் கேட்காமல் போடக் கூடாது, முகமோ பெயரோ தெரிந்தால் கட்டாயம் அனுமதி வாங்குங்கள்.

இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில், ஒரு போஸ்ட் எவ்வளவு தூரம் போகும் என்பதில் முக்கியமானவை பார்க்கும் நேரம், லைக், பிறருக்கு அனுப்புவது என்ற மூன்றும்தான் என்று சொன்னார். உங்களைத் தெரியாதவர்களைச் சென்றடைய, அனுப்புவது கூடுதலாக உதவும் என்பதும் அவர் சொன்னதே. அப்படியானால் போடுவதற்கு முன் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது, இதைப் பார்த்து யார் யாருக்கு அனுப்புவார்? கணவருக்கு மனைவி "நாம் தேடினோமே, இது" என்று அனுப்புகிற மாதிரி இருந்தால் போடுங்கள். காசு கொடுத்து ஃபாலோயர் வாங்குவது இதற்கு நேர் எதிரான வேலை, அந்தக் கணக்குகள் பார்ப்பதும் இல்லை, அனுப்புவதும் இல்லை, உங்கள் கணக்கையே கெடுத்துவிட்டுப் போகும்.

தொழில்நுட்பத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போனை நிமிர்த்திப் பிடித்து 9:16 அளவில் எடுங்கள், லென்ஸைத் துடையுங்கள், ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து நில்லுங்கள், முதல் இரண்டு விநாடியிலேயே விஷயத்துக்கு வாருங்கள் (லோகோ சுழன்று வருகிற அறிமுகம் வேண்டாம்), சத்தம் இல்லாமல் பார்ப்பவர்களுக்காகத் திரையில் எழுத்து போடுங்கள். பிசினஸ் கணக்கில் பிரபல சினிமாப் பாட்டைப் போட்டால் சத்தத்தையோ வீடியோவையோ நீக்கிவிட வாய்ப்பு உண்டு. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்துகிற மெட்டா நிறுவனமே இலவசமாகத் தரும் சவுண்ட் கலெக்‌ஷனிலிருந்து எடுங்கள், இல்லை உங்கள் குரலே போதும். வாரத்துக்கு இரண்டு வீடியோ தொடர்ந்து போட முடிந்தால் அது, ஒரு வாரம் பத்து போட்டு இரண்டு மாதம் காணாமல் போவதைவிட நல்லது. நன்றாக ஓடிய மூன்று போஸ்ட்டை பக்கத்தின் மேலேயே நிற்கும்படி 'பின்' செய்யுங்கள், அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கான ஸ்டோரிகளைப் பக்கத்தில் நிரந்தரமாக நிற்கிற ஹைலைட்டில் சேருங்கள், இல்லையென்றால் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும்.

பணம் கட்டி விளம்பரம்

காசில்லாமல் போட்டபோதே மெசேஜ் கொண்டுவந்த போஸ்ட்டுக்குத்தான் பணம் போடணும். யாரும் கண்டுகொள்ளாத போஸ்ட்டை பூஸ்ட் செய்தால், அதாவது காசு கட்டி அதிகப் பேருக்குக் காட்டினால், அதிகப் பேர் கண்டுகொள்ளாமல் போவார்கள். நோக்கம் என்ன என்று கேட்கும் இடத்தில் லைக்கைத் தேர்ந்தெடுத்தால் லைக் போடும் ஆட்களாகப் பார்த்துத்தான் காட்டும், மெசேஜைத் தேர்ந்தெடுங்கள். நேரில் வரவேண்டிய கடை என்றால் கடையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு அதற்குள் மட்டும் காட்டச் சொல்லலாம். சின்னத் தொகையில் ஒரு வாரம் ஓட்டி, வந்த மெசேஜ் எத்தனை, அதில் வாங்கியவர் எத்தனை என்று பாருங்கள். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம்: 2024லிருந்து ஆப்புக்குள்ளேயே பூஸ்டுக்குப் பணம் கட்டினால் பல நாடுகளில் ஆப்பிளின் 30 சதவீதக் கட்டணமும் சேர்ந்துவிடுகிறது, பிரவுசரில் போய்க் கட்டினால் அது மிச்சம்.

எல்லாவற்றையும் அளக்க ஒரு கேள்வி போதும். பில் போடும்போது "எங்களை எங்கே பார்த்தீங்க?" என்று கேட்டு, சொன்ன பதிலுக்கு நேராக ஒரு நோட்டில் ஒரு கோடு போடுங்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஆப்பே கணக்குக் காட்டும் இன்சைட்ஸில் வருகிற வரைபடங்களைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் இரண்டும் முரண்பட்டால் அந்த நோட்டுப் புத்தகத்தை நம்புங்கள்.

பொதுவில் யாராவது திட்டி எழுதினால் அழிக்காதீர்கள், சண்டையும் போடாதீர்கள். தவறு இருந்தால் ஒப்புக்கொண்டு எப்படிச் சரிசெய்வீர்கள் என்று இரண்டு வரி, அப்புறம் பேச்சை இன்பாக்ஸுக்கு மாற்றுங்கள். அந்தப் பதிலைப் படிப்பவர்களில் புகார் எழுதியவர் ஒருவர்தான், மற்றவர்கள் எல்லாம் வாங்கலாமா என்று யோசிப்பவர்கள்.

இன்னொன்று, பக்கம் யார் கையில் இருக்கிறது என்பது. முன்பு வேலை பார்த்த பையனின் மெயிலிலோ விளம்பரம் செய்துதருகிறவரின் கணக்கிலோ பக்கத்தைத் திறந்துவிட்டு, பிறகு உள்ளே போக முடியாமல் தவிப்பவர்கள் ஏராளம். மெயிலும் நம்பரும் உங்களுடையதாக இருக்கட்டும், இரண்டு அடுக்குப் பாதுகாப்பை (பாஸ்வேர்டோடு ஒரு குறியீட்டையும் கேட்பது) போடுங்கள், "காப்பிரைட் மீறல், 24 மணி நேரத்தில் உங்கள் பக்கம் நீக்கப்படும்" என்று இன்பாக்ஸில் வரும் லிங்க்கைத் தொடாதீர்கள், ஓடிபி கேட்டால் யாருக்கும் சொல்லாதீர்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து சுமார் ஆறு மணி நேரம் நின்றுபோயின, அன்று வாடிக்கையாளர் நம்பரைத் தனியாக எழுதிவைத்தவர்கள் போனில் பேசி ஆர்டர் எடுக்க முடிந்தது. வாங்குகிறவரிடம் கேட்டுக்கொண்டு அவர் நம்பரை ஒரு பட்டியலில் சேருங்கள், உங்கள் நம்பரையும் அவர் போனில் சேவ் செய்யச் சொல்லுங்கள். சேவ் செய்யாதவருக்கு, ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்புகிற வாட்ஸ்அப் ப்ராட்காஸ்ட் லிஸ்ட் மெசேஜ் போய்ச் சேராது, இது தெரியாமல் மாதக்கணக்கில் அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.