வீட்டு விருந்தும் ஆளுக்கொரு பத்தியமும்: முதல்முறை விருந்து வைப்பவருக்கு

அக்கா மகனுக்கு வேர்க்கடலை ஆகாது என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அன்றும் அவனுக்குக் கடலை படாமல் தனிப் பாத்திரத்தில் காய் சமைத்து மூடி வைத்திருந்தேன். பந்தி பரபரப்பில் யாரோ கடலை அரைத்துவிட்ட குழம்பில் கிடந்த கரண்டியை எடுத்து, அதே கையோடு அவன் காயை அள்ளிப் போட்டுவிட்டார்கள். பத்து நிமிடத்துக்குள் உதடு தடித்தது. கழுத்து திட்டுத் திட்டாகச் சிவந்தது. மூச்சு இழுக்கத் தொடங்கியதும் அக்கா அவன் தொடையில் அலர்ஜிக்கான அட்ரினலின் ஊசியைப் போட்டாள். அன்று இரவு வரை ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத்தான் வீடு திரும்பினோம்.

சமையலில் ஒரு குறையும் இல்லை. கரண்டியில்தான் தவறிவிட்டோம். அதிலிருந்து நான் கடைப்பிடிக்கிற முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: ஒரு வாரம் முன்பே போன் செய்து கேளுங்கள்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பொதுவாகக் கேட்டால் பதில் வராது. பத்தியம் இருப்பவர் தொந்தரவு கொடுக்க வேண்டாமே என்று பேசாமல் இருந்துவிடுவார். அதனால் தனியாகக் கூப்பிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். எது ஆகாது? சாப்பிட்டால் என்ன செய்யும்? துளி பட்டாலே ஆகாதா, கொஞ்சம் என்றால் தாங்குமா?

இரண்டாவது கேள்விதான் முக்கியம். “எனக்குப் பால் ஆகாது” என்று மூன்று பேர் சொல்வார்கள், மூன்றும் வேறு வேறு. ஒருவருக்குப் பால் அலர்ஜி: உடலின் எதிர்ப்பு சக்தியே பால் புரதத்தை எதிரியாக நினைத்துத் தாக்குகிறது, அவருக்குத் துளியும் ஆபத்து. இன்னொருவருக்குப் பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி குறைவு. வயிறு உப்பும், பேதியாகும், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. இப்படிப்பட்டவர்கள் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். மூன்றாமவர் கொள்கைக்காகப் பாலை விட்டவர். அவருக்கு உடம்பு படுத்தாது, ஆனால் தெரியாமல் ஊட்டிவிட்டால் மனசு நோகும், அதுவும் சின்ன விஷயமில்லை.

கோதுமையில் இன்னும் கவனம் வேண்டும். சீலியாக் நோய் இருப்பவர் கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தைச் சாப்பிட்டால் அவருடைய சிறுகுடலின் உட்சுவர் சேதமாகும். உலகத்தில் நூற்றில் ஒருவருக்கு இது இருப்பதாகக் கணக்கு. சிலருக்கு வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது, உள்ளே சேதம் நடந்துகொண்டிருக்கும். “போன தடவை சாப்பிட்டாரே, ஒன்றும் ஆகலையே” என்ற பேச்சை அதனால்தான் நான் ஏற்றுக்கொள்வதில்லை.

படி 2: எல்லோருக்கும் ஆகிறதிலிருந்து தொடங்குங்கள்

ஐந்து பேருக்கு ஐந்து விதமாகச் சமைக்கப் போனால் நீங்கள் படுத்துவிடுவீர்கள். எல்லோரும் சாப்பிடக்கூடிய நாலைந்து பதார்த்தங்களை முதலில் முடிவு செய்யுங்கள்: சோறு, வேகவைத்த காய், பருப்பு, பழம். பருப்பும் சிலருக்கு ஆகாது என்பதால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். உப்பைக் குறைத்துப் போட்டு, வேண்டியவர் சேர்த்துக்கொள்ளட்டும் என்று தனியாக வையுங்கள். வெண்ணெய், முந்திரி, வறுத்த எள் போன்ற மேல்தூவல்களும் அப்படியே, தனிக் கிண்ணத்தில்.

படி 3: பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்

கேசின், வே என்று போட்டிருந்தால் அது பால். மால்ட் பெரும்பாலும் பார்லி. சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை இருக்கும். மைதாவும் ரவையும் கோதுமைதான் என்பது தெரியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஜெலட்டின் விலங்கிலிருந்து வருவது. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், ‘குளூட்டன் இல்லை’ என்று எழுத ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம்தான் உச்சவரம்பு என்று வைத்திருக்கிறது.

குறை சோடியம் உப்பைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தக்காரருக்கு நல்லது என்று ஆசையாக வாங்கிப் போடுவோம். அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரகம் பழுதானவருக்குப் பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். சில ரத்த அழுத்த மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றுபவை. யாருக்கு என்னவென்று தெரியாத கூட்டத்தில் சாதா உப்பைக் குறைத்துப் போடுவதே மேல்.

படி 4: கடுமையான பத்தியத்தை முதலில் சமையுங்கள்

மேடை சுத்தமாக இருக்கும்போதே அலர்ஜிக்காரருக்கும் சீலியாக்காரருக்கும் உரியதை முடித்து மூடிவிடுங்கள். மைதா பறக்க ஆரம்பித்த பிறகு தொடாதீர்கள். மாவு தோய்த்துப் பொரித்த எண்ணெயில் அவர்களுக்கு எதையும் பொரிக்கக் கூடாது. சூட்டில் குளூட்டன் அழியாது. மரக் கரண்டி, சல்லடை இரண்டையும் கழுவி நம்ப முடியாது, இடுக்குகளில் மாவு தங்கும். கையைச் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். சானிடைசர் கிருமியைக் கொல்லும், கையில் ஒட்டிய கடலைப் புரதத்தை எடுக்காது.

படி 5: கரண்டியைப் பிரித்து வையுங்கள்

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கரண்டி, அது அந்தப் பாத்திரத்தை விட்டு நகரக் கூடாது. நான் பத்தியப் பாத்திரத்தின் கைப்பிடியிலும் அதன் கரண்டிக் காம்பிலும் ஒரே சிவப்பு நூலைக் கட்டிவிடுவேன். நூல் இல்லாத கரண்டி உள்ளே இருந்தால் தூரத்திலிருந்தே தெரியும், குழந்தைகள்கூடக் கண்டுபிடித்துச் சொல்கிறார்கள். அந்தப் பாத்திரங்களை மற்றவற்றோடு வரிசையாக வைக்காமல் வேறு மேசையில் வையுங்கள். பத்தியக்காரர் முதலில் போட்டுக்கொள்ளட்டும்.

ஒவ்வொன்றின் முன்னாலும் சீட்டு எழுதுங்கள். “கடலை இல்லை” என்று எழுதுவதைவிட அதில் என்னென்ன இருக்கிறது என்று எழுதுவது நல்லது. நீங்கள் கேட்க மறந்த அலர்ஜிக்கும் அது உதவும்.

படி 6: நேரத்தைச் சரியாகச் சொல்லுங்கள்

“ஒரு மணிக்குச் சாப்பாடு” என்று சொல்லிவிட்டு மூன்று மணிக்குப் பரிமாறுவது சர்க்கரை நோயாளிக்குச் செய்கிற பெரிய கெடுதல். இன்சுலினோ சில மாத்திரைகளோ எடுத்தவருக்குச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கிவிடும். வியர்வை, கைநடுக்கம், குழப்பமான பேச்சு தெரிந்தால் ரத்தச் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் சர்க்கரை கிடைக்கும்படி அரை டம்ளர் பழரசம் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

‘சர்க்கரை சேர்க்காத இனிப்பு’ என்று தனியாகச் செய்து வற்புறுத்த வேண்டாம். அதிலுள்ள மாவும் ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் சேரும்.

படி 7: ஊசி எங்கே என்று மூன்று பேருக்காவது தெரிய வேண்டும்

அட்ரினலின் ஊசி வைத்திருப்பவர் வந்ததும், அது எந்தப் பையில் இருக்கிறது என்று கேட்டு வையுங்கள். மூச்சுத் திணறல், நாக்கு வீக்கம், மயக்கம் வந்தால் அந்த ஊசிதான் முதல் மருந்து. அரிப்புக்குப் போடும் மாத்திரை அதற்கு ஈடாகாது. ஊசி போட்டதும் ஆளைப் படுக்க வையுங்கள், எழுப்பி நடத்தாதீர்கள். மூச்சு விடச் சிரமப்பட்டால் உட்காரலாம். தெளிந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் ஆக வேண்டும், சில மணி நேரம் கழித்து அதே அறிகுறிகள் மறுபடி வரலாம்.

படி 8: வற்புறுத்தலை வீட்டுக்காரர் தடுக்க வேண்டும்

“ஒரு வாய்தானே, ஒண்ணும் ஆகாது” என்று பெரியவர்கள் பாசத்தில்தான் சொல்கிறார்கள். பத்தியம் இருக்கிற சின்னப் பெண் அவர்களை எதிர்த்துப் பேச முடியாது. அங்கே நீங்கள் போய் நில்லுங்கள். “பெரியம்மா, அவளுக்குன்னு நான் தனியா செஞ்சு வெச்சிருக்கேன், அதை உங்க கையால போடுங்களேன்” என்று நான் சொல்வேன். பெரியம்மாவுக்குக் கொடுத்த திருப்தி, பிள்ளைக்குத் தட்டில் சாப்பாடு.

விருந்தாளியாகப் போகிறவர்களே, நீங்களும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நோயின் முழு வரலாறு வேண்டாம். “அத்தை, எனக்கு முட்டை ஆகாது, கலந்த கரண்டி பட்டாலும் ஆகாது. ஒரு பதார்த்தம் நானே கொண்டு வரேன்” என்றால் போதும். வீட்டிலிருந்து கொண்டுபோவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் கிடையாது.

படி 9: மீந்ததைக் கட்டும்போது

சமைத்தது இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். கர்ப்பிணி, வயதானவர், கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு அனுப்பும்போது இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம். கட்டிக்கொடுக்கிற டப்பாவிலும் என்ன இருக்கிறது என்று சீட்டு ஒட்டுங்கள். மறுநாள் அதைத் திறந்து சாப்பிடப்போகிறவர் உங்கள் விருந்துக்கு வராத ஒருவராகவும் இருக்கலாம்.