வளவைச் சுற்றிவர ஒரு ரோபோவுக்கு வழி பழக்குவது எப்படி?

ரோபோவுக்கு வழி பழக்கச் செட்டிநாட்டு வீட்டைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரிந்து இல்லை. காரணம், அது அவ்வளவு கடினமானது. வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், ஒரே அளவு கதவு நிலை, ஒரே வேலைப்பாட்டில் கதவுகள், ஒரே கனத்தில் தேக்குத் தூண்கள், தரை முழுக்க ஒரே கோலத்தில் ஆத்தங்குடிக் கல். எந்தக் கதவின் முன்னால் நிறுத்தினாலும் கேமராவில் ஏறக்குறைய ஒரே படம்தான் விழும். காரைக்குடியில் டிப்ளமோ மாணவர்களுக்கு எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன். புராஜெக்ட் என்று வருகிறவர்களிடம், தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பார்த்து ஓடும் வண்டி வேண்டாம், எலியின் மூளை செய்வதைச் செய்து பாருங்கள் என்பேன். அவர்களுக்குச் சொல்லும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எலி செய்வது என்ன? அறையில் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கும் செல்கள் அதன் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் இருப்பதை 1971இல் லண்டனில் ஜான் ஓ'கீஃப் கண்டறிந்தார். தலை பார்க்கும் திசைக்கென்று தனிச் செல்கள் இருப்பது பிறகு தெரியவந்தது. தரையையே கட்டம் கட்டமாக அளப்பது போல ஒழுங்கான இடைவெளிகளில் துடிக்கும் செல்களை 2005இல் நார்வேயில் மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் அறிவித்தார்கள். மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த அறிவை ரோபோவுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் மில்ஃபோர்டும் கோர்டன் வைத்தும். ரோபோ ஓடிக்கொண்டே வரைபடம் வரைந்து, அதில் தன் இடத்தையும் கண்டுகொள்ளும் அவர்களுடைய முறை 2004இல் வெளிவந்தது. அதற்கு ராட்ஸ்லாம் என்று பெயர். 2008இல் ஒற்றைக் கேமராவை மட்டும் வைத்துக்கொண்டு பிரிஸ்பேன் நகரின் ஒரு புறநகர்ப் பகுதியை, 66 கிலோமீட்டர் சாலைகளை, அதே முறையில் வரைபடமாக்கிக் காட்டினார்கள். நமக்கு ஒரு வளவு போதும்.

வண்டி எளிமையாக இருக்கட்டும். சக்கரம் எவ்வளவு சுற்றியது என்று எண்ணும் என்கோடர் வைத்த இரண்டு மோட்டார்கள், ரப்பர் டயர், பின்னால் எப்பக்கமும் திரும்பும் ஒரு காஸ்டர் சக்கரம், ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினி, சாதாரணக் கேமரா. ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்து எடுக்கிறார்கள். அதன் பளபளப்பு அங்கிருந்து வருவது. நடுப்பகலில் முற்றத்தின் வானம் முழுவதும் தரையில் தெரியும். அதனால் கேமராவைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து, படத்தில் தரை விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிலையின் மேற்பகுதி, சுவரில் மாட்டியிருக்கும் முன்னோர் படங்கள், உத்தரம் இவைதான் நமக்கு வேண்டிய அடையாளங்கள்.

அடுத்தது சக்கரத்தின் கணக்கு. இதற்கு அளவுநாடா கூட வேண்டாம், தரையே அளவுகோல். ஒரு கல்லின் பக்கத்தை மட்டும் ஸ்கேலால் அளந்துகொண்டு, கல் வரிசையின் விளிம்போடு இருபது கல் தூரம் வண்டியை ஓட்டி, என்கோடர் எத்தனை துடிப்பு எண்ணியது என்று பாருங்கள். தூரத்தைவிடத் திருப்பத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். ஒரு பாகை பிசகினால், பத்து மீட்டர் போவதற்குள் வண்டி 17 சென்டிமீட்டர் விலகியிருக்கும். நின்ற இடத்திலேயே பத்துச் சுற்று சுற்றவிட்டு, மிச்சம் விழும் கோணத்தைப் பத்தால் வகுத்துத் திருத்துங்கள்.

இப்போது மூளை. முதலில் திசையை மட்டும் எழுதுங்கள். வளையமாக 36 செல்கள், செல்லுக்குப் பத்துப் பாகை. நிரலில் ஒரு செல் என்பது ஓர் எண்தான். ஒவ்வொரு செல்லும் தன் அண்டைச் செல்களைத் தூண்ட வேண்டும். பிறகு எல்லாச் செல்களிலிருந்தும் ஒரே சிறு அளவைக் கழிக்க வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே போனதைப் பூஜ்யமாக்கி, மொத்தம் ஒன்றாக வரும்படி வகுக்க வேண்டும். இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் வளையத்தில் மதிப்பு உயர்ந்த ஒரே ஒரு மேடு நிலைத்து நிற்கும். தான் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறோம் என்று ரோபோ நம்புவது அந்த மேடுதான். வண்டி நான்கு பாகை திரும்பியது என்று என்கோடர் சொன்னால், ஒவ்வொரு செல்லின் மதிப்பிலும் பத்தில் நான்கு பங்கை அடுத்த செல்லுக்குத் தள்ளுங்கள். பைத்தான் நிரல்மொழியில் சில வரிகள்தான். அந்த மேடு திரையில் நகர்வதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன்.

பிறகு அதே கணக்கை மூன்று பரிமாணத்துக்கு விரியுங்கள். நீளத்துக்கு 24, அகலத்துக்கு 24, திசைக்கு 36. மொத்தம் 20,736 செல்கள். ஒரு செல்லுக்குக் கால் மீட்டர் என்று வைத்தால் ஆறு மீட்டர்தான் அடங்கும். வளவு அதைவிட நீளம். கவலை வேண்டாம், ஓரத்தைத் தாண்டும் மேடு எதிர் ஓரத்தில் நுழையட்டும். அப்போது ஒரே செல் பல இடங்களுக்குத் துடிக்கும். மோசர் தம்பதியர் எலியில் கண்ட செல்களுக்கும் இந்தக் குணம் உண்டு.

பார்வைக்கு, படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி 32க்கு 16 பிக்சலாகச் சுருக்குங்கள். சிறு சிறு பகுதியாக வெளிச்சத்தைச் சமன் செய்தால் முற்றத்து வெயில் இடம் மாறுவது அதிகம் பாதிக்காது. புதுப் படம் சேமித்த எதனோடும் ஒத்துவராவிட்டால் அதையும் சேமித்து, அந்த நேரத்தில் மேடு நிற்கும் செல்லோடு இணைத்துவிடுங்கள். ஒத்துவந்தால், இணைந்த செல்லுக்குக் கொஞ்சம் தூண்டல் கொடுங்கள்.

கொஞ்சம் என்பதுதான் இங்கே உயிர்நாடி. மூன்றாம் கதவும் நான்காம் கதவும் ஒரே படம் தருகின்றன. தூண்டலைத் தாராளமாகக் கொடுத்தால், ஒரே பார்வையில் மேடு ஒரு கதவிலிருந்து இன்னொரு கதவுக்குத் தாவிவிடும். குறைவாகக் கொடுத்தால் நான்காம் கதவில் ஒரு சின்ன மேடு முளைக்கும், அவ்வளவுதான். அடுத்தடுத்த படங்கள் அதை ஆதரித்தால் வளரும், இல்லையென்றால் கரைந்துபோகும். மூலைத்தூண், சுவர்க் கடிகாரம், ஊஞ்சல் என்று ஏதோ ஒன்று வந்து வழக்கைத் தீர்த்துவைக்கும். ஒற்றைப் படத்தை நம்பி முடிவெடுக்கும் நிரல் எத்தனை சாமர்த்தியமாக எழுதப்பட்டிருந்தாலும் இந்த வீடுகளில் நிற்காது.

வீட்டில் இருக்கும் பெல்ஜியம் நிலைக்கண்ணாடிகளைத் துணி போட்டு மூட வேண்டுமா என்று மாணவர்கள் கேட்பார்கள். வேண்டாம். லேசர் வைத்துத் தூரம் அளக்கும் ரோபோ கண்ணாடிக்குள் இன்னொரு கூடம் இருப்பதாக எண்ணிவிடும். நம்முடையது தூரத்தை அளப்பதில்லை, காட்சியை மட்டும் நினைவில் வைக்கிறது. அதற்குக் கண்ணாடியும் ஓர் அடையாளம்தான்.

முதல் ஓட்டங்கள் எல்லாம் வலமாகவே இருக்கட்டும். எதிர்த்திசையில் வந்தால் அதே தாழ்வாரம் வேறு காட்சி. போகும் வழியில் ஒவ்வொரு புதுக் காட்சியையும் வரைபடத்தில் ஒரு புள்ளியாக்கி, முந்தைய புள்ளியிலிருந்து என்கோடர் சொன்ன தூரத்தையும் கோணத்தையும் கோடாகக் குறியுங்கள். ஒரு சுற்று முடிந்து பழைய இடத்தை அடையாளம் கண்டதும், தொடக்கமும் முடிவும் சேராமல் இடைவெளி தெரியும். ஒவ்வொரு புள்ளியையும் அதன் பிழையில் பாதியளவு நகர்த்தி, இதைப் பலமுறை செய்தால் கோணலாக இருந்த கோடு வளவின் வடிவத்துக்கு வந்துவிடும். பாதிக்கு மேல் போனால் படம் ஆடத் தொடங்கும்.

கடைசிச் சோதனை, ஓடும் வண்டியைத் தூக்கி எதிர்ப்பக்கத் தாழ்வாரத்தில் வைப்பது. திரையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பழைய மேடு உடனே அடங்கிவிடாது. சற்று தள்ளி இன்னொன்று முளைக்கும். இரண்டும் சில நொடி போட்டி போட்டு, வண்டி ஓட ஓடப் புதியது உயர்ந்து பழையது அடங்கும். நாங்கள் வண்டி ஓட்டிப் பழகும் வீட்டு ஆச்சி ஒருமுறை, "ஏன் தம்பி, இடத்தை மாற்றி வைத்தும் இன்னும் பழைய இடத்திலேயே இருப்பதாக நினைக்கிறதே?" என்று கேட்டார்கள். "நாலைந்து அடையாளம் பார்க்காமல் மாற்றிக்கொள்ளாது ஆச்சி" என்றேன். புது மேடு எழும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள்.

பழைய மேடு அடங்கவே இல்லை என்றால் தூண்டலைச் சிறிது கூட்டுங்கள். சோதனை இல்லாத நேரத்திலும் மேடு தாவினால் தூண்டலைக் குறையுங்கள். காலையில் சேமித்த படங்கள் விளக்கு போட்ட பிறகு பொருந்தாமல் போகலாம், ஆகவே மாலையிலும் ஒரு சுற்று ஓட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டின் அடுத்த பகுதியான இரண்டாம் கட்டுக்குக் கொண்டுபோக நிலைப்படியில் பலகை சாய்க்க வேண்டியிருக்கும். பலகையில் சக்கரம் வழுக்குவதால், அந்த இடத்தில் என்கோடரின் கணக்கைக் குறைவாக நம்பும்படி எழுதிவிட்டுப் பிறகு ஓட்டுங்கள்.